பின்சக்கரத்துக்கு ஒரு கார் டயர்

வெல்டர் யாரையும் நம்பமாட்டார். பால் பாக்கெட் வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டுவார். அவரும் சரி என்று சொல்லிவிட்டால், "ரெண்டு பேரும் கூட்டு" என்று வீடு திரும்பிவிடுவார். இப்பேர்ப்பட்ட மனுஷனை ஒருத்தன் ஏமாற்றினான். அதுவும் சல்லிக்காசு வாங்காமல் ஏமாற்றினான். வாங்கியிருந்தால்தான் இவர் உஷாராகியிருப்பாரே.

கிரில் கதவும் ஜன்னல் கம்பியும் அடித்தே ஆயுசைக் கழித்தவர். கண் பொங்க ஆரம்பித்ததும் பட்டறையைத் தங்கை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த மாதமே ஒரு பெரிய பைக்கை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். செகண்ட் ஹேண்ட். காலை முன்னால் நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற குரூஸர் வண்டி. நின்றால் எருமை, கிளம்பினால் மாவு மில். எதற்கு இந்த வயதில் இது என்று கேட்டவர்களிடம் "சல்லிசா வந்துச்சு" என்றார். பொய். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் மனைவி அவருடைய மொபெட்டின் பின்னால், வெல்டிங் ராடு கட்டுக்கும் கேஸ் டியூபுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டுதான் போய்வந்தாள். ஒரு தடவையாவது அவள் அகலமான சீட்டில், முதுகுக்குத் திண்டு வைத்து, மகாராணி மாதிரி உட்கார்ந்து வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. இதை வெளியே சொல்ல நாக்கு எழவில்லை. அவளிடமே சொன்னதில்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் பைக் ஓட்டிகளுக்கு நடுவே நாள் முழுக்க நடப்பவள். அவளுக்கு பைக் என்றால் என்ன மரியாதை இருக்கும்? இருந்தாலும் வீட்டுக்காரர் ஆசைக்கு இரண்டு மூன்று முறை ஏறி உட்கார்ந்தாள். போன மழையில், சிக்னலில் பிரேக் போட்டபோது பின்சக்கரம் வாலை ஆட்டியது. அவள் அங்கேயே இறங்கி, குனிந்து டயரைப் பார்த்தாள். நடுவில் காய் நறுக்கும் பலகை போல வழுவழு என்று தேய்ந்து கிடந்தது. இரண்டு ஓரமும் புதுசு. வளைவில் சாயாமல் நேராகவே ஓட்டிய வண்டிக்கு அப்படித்தான் தேயும்.

"இது இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார் வெல்டர்.

"என் வார்டுல படுத்திருக்கறவன்ல பாதிப் பேரு இதே வார்த்தையச் சொன்னவன்தான்" என்றாள். "இங்க பாருங்க. டயர் மாத்தற வரைக்கும் நான் ஏற மாட்டேன். மாத்தினப்புறம் ஒரே ஒரு தடவை உக்காந்து பாப்பேன். அதுல வயித்தைக் கலக்குச்சுன்னா அதோட சரி. உங்க பின்னாடி நான் உக்காரப் போறதே இல்ல. சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க."

சும்மா சொல்லுகிற ஜாதி இல்லை அவள். வெல்டருக்கு அது தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு அவருடைய பைக் கூட்டம் குடும்பத்தோடு அணைக்கட்டுக்குப் போகிறது. போன தடவை எல்லோர் பின்னாலும் பெண்டாட்டி இருந்தாள், இவர் பின்னால் ஒரு பை இருந்தது. இந்தத் தடவை பை ஏறக்கூடாது.

டயர் கடைக்குப் போனார்.

கடையில் ஒரு பெண்தான் முதலாளி. நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி, கையெல்லாம் கரி. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ரெண்டையும் மாத்தணும் சார்."

வெல்டர் சிரித்தார். இதற்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். "தேஞ்சது பின்னாடி. முன்னாடி டயர்ல பட்டன் தேயாம நிக்குது. அதை எதுக்கும்மா மாத்தணும்? உனக்கு விக்கணும்னு இருக்கு, அதானே?"

"பட்டன் நிக்கும் சார், ரப்பர் செத்துப்போச்சு. பக்கவாட்டுல பாருங்க, வெடிப்பு. கிழடாயிடுச்சு."

"நானும்தான் கிழடு. என்னையும் மாத்திடுவியா?"

"அதை உங்க வீட்டம்மாகிட்டக் கேளுங்க சார், என் கடையில அந்த அயிட்டம் இல்ல." சொல்லிவிட்டு அவள் உள்ளே இருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். "இதை எடுத்துக்கங்க. நடுவுல கெட்டி ரப்பர், ஓரத்துல மெத்து ரப்பர். மழையில பிடிக்கும். கொஞ்சம் சீக்கிரம் தேயும், அதையும் சொல்லிடறேன்."

சீக்கிரம் தேயும் என்று விற்கிறவளே சொல்கிறாள் என்றால் இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று வெல்டருக்குப் பட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயரின் பக்கவாட்டைத் தடவினார். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று அதில் நாலு எண் குத்தியிருக்கும். பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறாள், பிடித்துவிடலாம் என்று தேடினார். பார்த்தால் எண் புத்தம் புதுசு. போன மாதத்துச் சரக்கு.

அதுதான் அவருக்கு இன்னும் சந்தேகமாகப் போய்விட்டது. இரும்பில் எண் குத்துகிற வேலை அவருக்குத் தெரியாதா? ரப்பரில் குத்துவது என்ன பெரிய விஷயம்?

"ஏம்மா, இதை எங்க வச்சுக் குத்தினீங்க?"

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இவருக்குப் பதில் சொல்வதா, தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதா என்று யோசிப்பது போல் இருந்தது. பிறகு வேலையைப் பார்க்கலாம் என்று முடிவு செய்து, "உங்க வெயிட் என்ன சார்? பின்னாடி உக்காரறவங்க வெயிட் என்ன? சாமான் பெட்டியில என்ன ஏத்துவீங்க? டயர் தாங்கற பாரம் பாக்கணும்" என்றாள்.

வெல்டருக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. "என் பொண்டாட்டி வெயிட்டு உனக்கு எதுக்கு? இது டயர் கடையா, எடை மேடையா?"

வண்டியைத் திருப்பினார். அதாவது, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முன்னும் பின்னும் உந்தி உந்தி, கல்லுரல் நகர்த்துவது போல் நகர்த்தினார். கடைப்பெண் உதவிக்கு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

பைக் கூட்டத்துக்கு இரும்புக் கழுகுகள் என்று பேர். பல் டாக்டர் ஒருத்தர், பாத்திரக்கடைக்காரர் ஒருத்தர், பென்ஷன்காரர்கள் நாலைந்து பேர். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் மண்டையோட்டுப் படம் போட்ட தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, டீக்கடை வரை பறந்துபோய்த் திரும்பி வருகிற கழுகுகள். அவர்களுக்கு ஒரு தலைவன். சிமெண்ட் வியாபாரி. பட்டாளத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன், ஆனால் எல்லோரும் கமாண்டர் என்றுதான் கூப்பிடவேண்டும். கிளம்புவதற்கு முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு டயரையும் பூட்ஸ் காலால் உதைப்பான். காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பான். "உயிர் இருக்கு" என்பான். அல்லது "போச்சு" என்பான். பரீட்சை முடிவு வந்த மாதிரி கழுகுகள் மூச்சுவிடும்.

வெல்டர் கடைப்பெண் கதையைச் சொன்னதும் கமாண்டர் தோளில் கை போட்டான்.

"அண்ணே, உங்களுக்கு விஷயம் புரிஞ்சிருக்கு. இந்தக் கூட்டத்துல உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் புரிஞ்சிருக்கு. பைக் டயர்ங்கறதே பெரிய சதி."

சதி என்ற சொல்லைக் கேட்டதும் வெல்டருக்குக் காது குளிர்ந்தது.

"சொல்லு தம்பி."

"கார் டயர் எவ்வளவு ஓடுது? பைக் டயர் எவ்வளவு ஓடுது? அதே ரப்பர், அதே கம்பி. ஏன் பைக் டயர் மட்டும் சீக்கிரம் தேயுது? தேயற மாதிரி செய்யறாங்க. நம்ம வண்டி இருக்கற கனத்துக்குப் பின்னாடி கார் டயரே போடலாம். ரிம்முல கச்சிதமா உக்காரும். நான் போட்டு வருஷக்கணக்காச்சு. தேயவே இல்ல. உங்க காலம் முடியும், டயர் முடியாது."

"கடைக்காரங்க சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்லுவான்? சொன்னா அவன் கடையை இழுத்து மூட வேண்டியதுதானே?" கமாண்டர் குரலைத் தாழ்த்தினான். "என்கிட்ட ஒண்ணு ஸ்பேர் இருக்கு. நமக்கு ஒரே மாடல் வண்டி. எடுத்துட்டுப் போங்க. காசு கீசுன்னு பேசினீங்கன்னா எனக்குக் கோவம் வரும்."

காசு இல்லை. அப்படியானால் இதில் திருட்டுத்தனம் எங்கே இருக்க முடியும்? வெல்டர் மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விற்கிறவன் பொய் சொல்வான். இவன் விற்கவில்லை. ஆகவே இவன் சொல்வது உண்மை. உலகத்தையே சந்தேகப்படுகிறவனுக்கு ஒரு நோய் உண்டு. தன்னைவிடப் பலமாகச் சந்தேகப்படுகிற ஒருத்தனைக் கண்டால் காலில் விழுந்துவிடுவான். கடையில் நாலு எண்ணைக் கண்ணாடி போட்டுத் தடவிப் பார்த்த மனுஷன், கமாண்டர் வீட்டு ஷெட்டிலிருந்து வந்த டயரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனார்.

"அண்ணே, இது காரு டயராச்சே" என்றான் பஞ்சர் கடைக்காரன்.

"தெரியும். உன் வேலையப் பாரு."

"மாட்டிடுவேன். ஆனா காத்து அடிக்கறப்ப நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நானும் தள்ளித்தான் நிப்பேன்."

பம்பைப் போட்டுவிட்டு அவன் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். டயர் ரிம்மில் உட்காரும்போது வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. எதிர்க்கடை நாய் எழுந்து ஓடியது. அந்த நாய்க்கு இருந்த புத்தி இவருக்கு இல்லை.

வீடு வரும் வழி நேர்ச் சாலை. இரண்டு திருப்பம் இருந்தது, அதை எப்போதும் போலக் காலை ஊன்றி நடந்தே திருப்பினார். வண்டி தண்டவாளத்தில் போவது போல் போனது. ஆனந்தமாக இருந்தது.

மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள். "தடியா இருக்கே."

"அதுதான் பிடிமானம்."

"கடையில சொன்னாங்களா?"

"கடைக்காரி என்ன சொல்லுவா? வியாபாரி. நான் விசாரிச்சுப் போட்டிருக்கேன்."

"முன்னாடி?"

"முன்னாடி நல்லாத்தான் இருக்கு."

அவள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். வார்டில் 'வலிக்கவே இல்ல சிஸ்டர்' என்று சொல்கிறவனைப் பார்க்கிற பார்வை. உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை இன்னொரு நர்ஸிடம் மாற்றிக்கொள்ளப் போன் செய்தாள். ஒரு தடவை என்று சொன்னாளே, அந்த ஒரு தடவையை அவருக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை கழுகுகள் வரிசை கட்டின. கமாண்டர் உதைத்துக்கொண்டே வந்தான். வெல்டரின் பின்டயரை உதைத்ததும் இரண்டு கையையும் விரித்தான். "இது உயிர் இல்ல அண்ணே. இது சிரஞ்சீவி." எல்லோரும் கை தட்டினார்கள். மனைவி ஹெல்மெட்டுக்குள் என்ன முகம் காட்டினாள் என்று தெரியவில்லை. ஆனால் ஏறினாள். திண்டில் சாய்ந்தாள். வெல்டருடைய இடுப்பில் கை வைத்தாள். மொபெட் காலத்தில் வைத்த அதே இடம். கேஸ் டியூபுதான் நடுவில் இல்லை. வெல்டர் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். நல்ல வேளை, வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஊர் எல்லை வரைக்கும் நேர்ச் சாலை. எல்லையில் ஒரு ரவுண்டானா. நடுவில் புல்லும் பூச்செடியும் வைத்து, யாரோ ஒரு வங்கிக்காரன் பலகை நட்டிருந்தான். கமாண்டர் சாய்ந்து திரும்பினான். பல் டாக்டர் திரும்பினார். பாத்திரக்கடை திரும்பியது. வெல்டரும் ஹேண்டிலை அமுக்கிச் சாய்க்கப் பார்த்தார். வண்டி சாயவில்லை. பைக் டயர் முட்டை மாதிரி உருண்டையாக இருக்கும், சாய்த்தால் ஓரத்தில் உருளும். இது செங்கல் மாதிரி தட்டை. நேராக நிற்பேன் என்று அடம்பிடித்தது. இன்னும் அமுக்கினார். விறைத்துக்கொண்டது. பின்னால் மனைவியின் கை இடுப்பை இறுக்கியது. அந்தப் பிடியில் வெல்டருக்குக் கையும் காலும் ஓடவில்லை. நேராகப் போனார். ஓரக்கல்லில் ஏறி, புல்லில் இறங்கி, செவ்வந்திச் செடிகளை உழுதுகொண்டு போய், வங்கிப் பலகைக்கு முன்னால் வண்டி நின்றது. நின்ற பிறகுதான், சாய மாட்டேன் என்று சொன்ன அதே வண்டி நிதானமாகச் சாய்ந்து படுத்தது.

மனைவி பூச்செடிகள் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அடி இல்லை. முட்டியையும் மணிக்கட்டையும் தானே அமுக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் முட்டியையும் அமுக்கிப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அணைக்கட்டு வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

கழுகுகள் ஓடி வந்தன. மூன்று பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். வெல்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. தரையோடு தரையாக உட்கார்ந்திருந்த அவர் கண்ணுக்கு நேராக, சாலை ஓரத்தில், கமாண்டரின் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் பெட்டி வைத்து, மட்கார்டை இறக்கிவிட்ட வண்டி. நிற்கிற மனுஷனுக்கு அதன் பின்டயர் தெரியாது. உட்கார்ந்தவருக்குத் தெரிந்தது. அது முட்டை மாதிரி உருண்டையாக இருந்தது.

"தம்பி" என்றார் வெல்டர். "உன் வண்டியில கார் டயர் எங்க?"

கமாண்டர் ஜாக்கெட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தான். "அது வந்து அண்ணே, போன வருஷமே… எனக்கு இடுப்பு வலி. அதனால மாத்தினேன். டயர்மேல குத்தம் இல்ல."

"கழட்டின டயரை என்ன பண்ணின?"

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். பதில் வெல்டரின் பின்சக்கரத்தில் மாட்டியிருந்தது. செவ்வந்தி இதழோடு.

கார் டயரைப் பற்றி கமாண்டர் இத்தனை வருஷம் மேடைபோட்டுப் பேசியாயிற்று. தப்பு என்று சொன்னால் கமாண்டர் பட்டம் போய்விடும். பொய் உயிரோடு இருக்கவேண்டுமென்றால் அதை யாராவது ஒருத்தன் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டுகிறவன் பேர் வெல்டர்.

அவர் என்ன திட்டினார் என்பதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்துத் திரும்பியபோது மனைவி சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார்.

"ஒரு தடவைன்னு சொன்னேன்" என்றாள். கோபமே இல்லை. "அது முடிஞ்சுபோச்சுங்க. வண்டியை நீங்களே ஓட்டுங்க. எனக்கு பஸ் இருக்கு." பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் கடையைத் திறக்கும்போதே வெல்டர் வாசலில் நின்றார். வண்டியை ஒரு லோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கடைப்பெண் பின்டயரைப் பார்த்தாள். ஸ்போக்கில் சிக்கியிருந்த செடித்தண்டைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் கேக்காதே தாயி" என்றார் வெல்டர். "ரெண்டு டயரையும் மாத்து. நீ சொன்னதே போடு. என் வெயிட்டு இது, அவ வெயிட்டு இது, பெட்டியில குடையும் தண்ணி பாட்டிலும்." மனைவியின் எடை அவருக்குத் தெரியாது. அவளிடம் கேட்கிற தைரியமும் இல்லை. பாதி ராத்திரி யோசித்து, ஒரு ஜன்னல் கிரில் கனத்தோடு ஒப்பிட்டுத் தோராயமாகச் சொன்னார்.

"தேதி எண்ணைப் பாக்கலையா சார்? நேத்துச் சாயங்காலம்தான் உக்காந்து குத்தினேன்."

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த மாதிரி ஒரு குத்தைத் திருப்பிக் குத்தாமல் வாங்கிக்கொண்டது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அவள் மாட்டி முடித்துவிட்டுச் சொன்னாள். "புது ரப்பர் வழுக்கும் சார். நாலு நாள் மெதுவா ஓட்டுங்க. கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு பக்கமும் சாச்சுப் பழக்குங்க. நேராவே ஓட்டினா நடுவுல தேஞ்சு மறுபடியும் பலகைதான்."

வீட்டில் மனைவி யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திட்டேன்" என்றார்.

"ம்."

"ரெண்டும்."

"ம்."

"கடைக்காரம்மா சொன்னதை அப்படியே போட்டேன். ஒரு கேள்விகூடக் கேக்கல."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவள் வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே."

"நீ ஏற வேண்டாம். நான் ஏறச் சொல்லல." வெல்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்த மொபெட்டுல ராடு கட்டு முதுகைக் குத்தக் குத்த வந்தியே. அதுக்குத்தான் இதை வாங்கினேன். சல்லிசாவும் வரல, ஒண்ணும் வரல. வந்து பாக்கவாவது செய்."

அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

கிடங்குகளுக்குப் பின்னால் லாரி திருப்புகிற வெற்றுத்திடல் ஒன்று உண்டு. சாயங்காலம் அங்கே வெல்டர் வட்டம் போட்டார். இடப்பக்கம் சுற்றினார். வியர்த்தது. வலப்பக்கம் சுற்றினார். சுற்றி வந்து நிறுத்தினார். மனைவி படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டுப் பிரித்துப் பார்ப்பது போல் குனிந்து பின்டயரைப் பார்த்தாள். புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். தரை பட்டால் போய்விடும்.

"இடப்பக்கம் முடி போயிருக்கு" என்றாள். "வலப்பக்கம் அப்படியே நிக்குது. வலப்பக்கம் சாயறதுக்குப் பயப்படறீங்க."

"பயமா? எனக்கா?"

"டயர்ல தெரியுது. வார்டுலயும் இப்படித்தான், வாய் ஒண்ணு சொல்லும், எக்ஸ்ரே ஒண்ணு சொல்லும். சுத்துங்க."

"எவ்வளவு நேரம்?"

"முடி போற வரைக்கும்."

வெல்டர் முனகிக்கொண்டே கிளம்பினார். அவள் திடல் ஓரத்துச் சிமெண்ட் குழாய்மேல் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து அதை எடுத்து வந்திருக்கிறாள் என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். பார்த்த வேகத்தில் வலப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்துவிட்டார். வண்டி சாய்ந்தது, உருண்டது, நிமிர்ந்தது. அவளுக்கு எதிரில் வந்து வேகத்தைக் குறைத்து, எழுந்திருப்பாள் என்று பார்த்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு விரலைத் தூக்கிக் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள்.